ஜெனரேட்டர் கேனோபியைக் கழற்றி மாட்டுவது: மலைப்பகுதிக்கான கேள்வி பதில்

நீலகிரியிலும் பழனி மலையிலும் விடுதி, தேயிலை ஆலை, எஸ்டேட் பங்களா, மருத்துவமனை என்று எங்கே போனாலும் பின்பக்கத்தில் ஒரு சைலன்ட் ஜெனரேட்டர் நிற்கிறது. அதன் மேல்கூட்டை, அதாவது கேனோபியை, கழற்றி வேலை பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது எழும் சந்தேகங்களுக்கு இங்கே பதில். 15 முதல் 62.5 கேவிஏ வரையுள்ள, கூலண்ட் ஓடும் டீசல் செட்டுகளை மனதில் வைத்து எழுதியது. உங்கள் செட்டோடு வந்த புத்தகம் வேறு மாதிரிச் சொன்னால் புத்தகத்தின் பேச்சையே கேளுங்கள்.

கேனோபி என்பது சத்தத்தை அடக்கும் தகரப் பெட்டி. கழற்றி மாட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?

சத்தத்தை அடக்குவது அதன் பாதி வேலை. மீதிப் பாதி, காற்றுக்கு வழி காட்டுவது. பெரும்பாலான செட்டுகளில் ஆல்டர்னேட்டர், அதாவது மின்சாரம் உண்டாக்கும் பாகம், இருக்கும் பக்கத்து லூவர் (சாய்ந்த தகடுகள் கொண்ட காற்றுவாய்) வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஆல்டர்னேட்டரைத் தொட்டு, எஞ்சினைத் தாண்டி, ஃபேன் தள்ளத் தள்ள ரேடியேட்டரைத் துளைத்து மறுமுனையில் வெளியேறும். ரேடியேட்டருக்கும் கேனோபிச் சுவருக்கும் நடுவே நான்கு பக்கமும் ஃபோம் பட்டையோ ரப்பர் பட்டையோ ஒட்டியிருக்கும். அது கிழிந்தாலோ விட்டுப்போனாலோ, வெளியே போக வேண்டிய சூடான காற்று அந்தச் சந்து வழியாகத் திரும்பி உள்ளே வரும். அதையே ஃபேன் மறுபடி இழுக்கும். கேனோபி மாட்டிய பிறகு எஞ்சின் சூடாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டையை. ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் அப்புறம்.

எந்த வேலைக்கு முழுசாகக் கழற்ற வேண்டும்?

ஆயில், ஃபில்டர், பெல்ட், பேட்டரி இவற்றுக்குக் கதவு போதும். ஹெட் இறக்குவது, இன்ஜெக்டர் பைப், டர்போ, சைலன்சர் ஆகியவற்றுக்குக் கூரைத் தகடு மட்டும் போனால் பெரும்பாலும் கை நுழையும். ரேடியேட்டரை வெளியே எடுக்க முன்பக்கச் சுவரும், ஆல்டர்னேட்டரை இறக்கப் பின்பக்கச் சுவரும் கூரையும் போக வேண்டும். முழுசாக உரிப்பது எஞ்சினைப் படுக்கையிலிருந்து தூக்கும்போதும், உள் ஃபோம் மொத்தத்தையும் மாற்றும்போதும்தான். தேவையில்லாமல் உரித்த ஒவ்வொரு தகடும் திரும்ப மாட்டும்போது ஒரு புதுச் சந்து.

மலையில் இந்த வேலைக்கு எந்த மாதம் நல்லது?

மாசி, பங்குனி. மழை இல்லை, உறைபனி விட்டிருக்கும், சித்திரை சீசன் கூட்டம் இன்னும் ஏறியிருக்காது. கூடலூர், நடுவட்டம் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை விடாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி, கார்த்திகை மழை. மூடுபனி இறங்கும் மாலையில் தகட்டைத் திறந்து வைத்தால் ஆல்டர்னேட்டர் சுருளும் புது ஃபோமும் ஈரம் குடிக்கும். காலை ஒன்பது மணிக்கு மேல் கழற்றி, நான்கு மணிக்குள் தார்ப்பாய் போட்டு மூடிவிடும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

செட் ஓடவில்லை, சாவியையும் எடுத்தாகிவிட்டது. கை வைக்கலாமா?

கூடாது. இந்த வேலையில் உயிர் போகும் இடம் இதுதான். இன்றைக்கு வருகிற செட்டுகள் பலவற்றில் ஏ.எம்.எஃப். பேனல் உண்டு, மின்வாரிய சப்ளை போனால் அது தானாகவே எஞ்சினை ஸ்டார்ட் செய்யும். மலையில் காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்ட் போகும். உங்கள் கை ஃபேன் பெல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பேனல் பார்க்காது.

வரிசை இப்படி: பேனலை ஆட்டோவிலிருந்து ஆஃப் நிலைக்குத் திருப்புங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை அழுத்தி விடுங்கள். பேட்டரி சார்ஜரின் சப்ளையை நிறுத்துங்கள். பேட்டரியின் மைனஸ் கேபிளை முதலில் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் போட்ட ஸ்பேனர் பாடியைத் தொட்டால் நெருப்புப் பறக்கும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கேனோபிச் சுவரிலேயே பேனல் பொருத்திய செட்டுகளில், மெயின்ஸ் இருக்கிறதா என்று பார்க்கும் சென்சிங் ஒயரில் எஞ்சின் நின்றிருந்தாலும் 415 வோல்ட் இருக்கும். ஜெனரேட்டர் நின்றதால் பேனல் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மெயின் போர்டில் அதன் ஃபியூஸை எடுத்து, டெஸ்டரை நம்பாமல் மல்டிமீட்டரால் பார்த்துவிட்டுத் தொடுங்கள். எடுத்த ஃபியூஸை வேலை பார்ப்பவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

2.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம் உள்ள கேனோபி என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரும் கூரையும் சேர்த்து உள்பரப்பு சுமார் 10.5 சதுர மீட்டர். ஃபோம் முழுவதும் மாற்றுவதானால் 2-க்கு 1 மீட்டர் ஷீட் 6 வேண்டும். லூவர், கதவு வெட்டுகளில் கழியும் பரப்பு வீணாகும் துண்டுகளுக்குச் சரியாகிவிடும். ஒட்டும் ரப்பர் சொல்யூஷன் 5 லிட்டர், ஏனென்றால் ஃபோமின் முதுகு நிறையக் குடிக்கும். கதவு ரப்பர் பீடிங் ஒரு கதவுக்குச் சுற்றளவு 4 மீட்டர் என்றால் நான்கு கதவுக்கு 16; 20 மீட்டராக வாங்குங்கள். பீடிங் ஈ.பி.டி.எம். ரப்பராக இருக்கட்டும். சாதாரண ஸ்பாஞ்ச் மலை வெயிலில் சீக்கிரமே பொடியாகும்.

எம்8, எம்10 போல்ட்டுகள் புதிது, பழைய எண்ணிக்கையைவிடப் பத்துப் பதினைந்து கூடுதலாக. ஒவ்வொன்றுக்கும் அகல வாஷர், ஸ்பிரிங் வாஷர். எர்த் இணைப்புகளுக்குப் பல் வாஷர். சைலன்சர் ஃபிளாஞ்சுக்கு (குழாய்கள் போல்ட்டால் சேரும் வளையம்) புது கேஸ்கெட். ரிவெட் நட்டு (தகட்டுத் துளையில் நசுக்கிப் பொருத்தும் நட்டு) எம்8 ஒரு இருபது, அதைப் போடும் கருவி. ஜிங்க் பிரைமர் ஒரு சின்ன டப்பா. ரிவெட் நட்டும் ஈ.பி.டி.எம். பீடிங்கும் மலைக்கடைகளில் எப்போதும் இருக்காது. கோயம்புத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்துக் கையில் வந்த பிறகு கழற்ற ஆரம்பியுங்கள். திறந்து போட்ட செட்டும் வராத பார்சலும் மழையும் ஒரே வாரத்தில் சேர்ந்து வரும்.

கழற்றும் வரிசை என்ன?

முதலில் நான்கு பக்கமும் கூரையும் செல்போனில் படம். ஒயர் போகும் இடங்களைத் தனியாக, கிட்டத்தில். ஒவ்வொரு தகட்டிலும் மார்க்கரால் எண்ணும் அம்புக்குறியும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே மாதிரி தெரியும், ஆனால் துளை 5 மி.மீ. தள்ளியிருக்கும்.

எஞ்சின் ஆற ஒரு மணி நேரம் விடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடும் வேலை இருந்தால் மலைக்கணக்கு ஒன்று உண்டு: ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகவே கொதித்துவிடும். மீட்டர் 95 காட்டும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் விலகிய அந்தக் கணமே தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். கையால் மேல் ஹோஸைப் பிடிக்க முடிகிற சூட்டுக்கு இறங்கட்டும்.

பிறகு கதவுகள். தூக்கி எடுக்கும் கீல் என்றால் கதவை 90 டிகிரி திறந்து இரண்டு பேர் நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்தால் கீழ்க்கீல் முள் வளையும். கதவில் எர்த் பட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கழற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். அடுத்து ஒயர்கள்: எமர்ஜென்சி ஸ்டாப், உள்விளக்கு, டீசல் அளவு காட்டி, பேனல் கேபிள். பிளக் இருந்தால் பிளக்கில் பிரியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முனையிலும் ஒரே எண் ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள்.

கூரைக்கு முன் புகைக்குழாய். இதை மறந்து கூரையைத் தூக்கியவர்கள் பெல்லோஸைக் கிழித்திருக்கிறார்கள். சுருள்சுருளான அந்த மெல்லிய குழாய் பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. ஃபிளாஞ்சைப் பிரித்து, குழாய் வாயில் துணியைத் திணித்து, துணியின் வால் வெளியே தொங்கும்படி விடுங்கள். சின்ன செட்டுகள் சிலவற்றில் சைலன்சரே கூரையின் அடியில் தொங்கும். அப்படியென்றால் கூரையும் அதுவும் சேர்ந்தே வரும், எடைக்கணக்கும் மாறும்.

அதன் பிறகு கூரை, பக்கச் சுவர்கள், கடைசியில் ரேடியேட்டர் முனை. மூலைத்தூண்களைக் கடைசி வரை நிற்க விடுங்கள்.

கூரைத் தகடு எவ்வளவு கனம்? எத்தனை பேர் வேண்டும்?

1.6 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. 2.2 சதுர மீட்டர் கூரைக்கு வெறும் தகடே 27 கிலோ. மடிப்பு, உள்பட்டை, ஃபோம் சேர்ந்தால் 40-ஐத் தொடும். ஃபோம் மழைத்தண்ணீர் குடித்திருந்தால் இன்னும் கூடும். நான்கு பேர், மூலைக்கு ஒருவர், கையுறையோடு. தகட்டு விளிம்பு கத்தி மாதிரி. சைலன்சரும் சேர்ந்து வந்தால் இரும்பு முக்காலியும் அரை டன் செயின் பிளாக்கும் போடுங்கள். பக்கத்தில் மரம் இருக்கிறதே என்று சில்வர் ஓக் கிளையில் கட்டாதீர்கள், சட்டென ஒடியும் மரம் அது.

கூரையில் தெரியும் கொக்கிகளை நம்புவதற்கு முன் ஒன்று பாருங்கள். சில செட்டுகளில் அந்தக் கொக்கி அடிச்சட்டம் வரை இறங்கும் கம்பியோடு சேர்ந்தது, மொத்தச் செட்டையும் தூக்கலாம். வேறு சிலவற்றில் கேனோபியை மட்டும் தூக்கத்தான். இரண்டாவது வகையில் கொக்கியை மாட்டி முழுச் செட்டையும் கிரேனில் தூக்கினால் கூரை பிய்ந்து வரும். கொக்கிக்குக் கீழே கம்பி அடிச்சட்டத்துக்குப் போகிறதா என்று கதவைத் திறந்து கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும்.

போல்ட்டு துருவேறி அசையவே இல்லை.

முதல் நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் இறுக்கும் திசையில் ஒரு நூல் அசைத்து, பிறகு கழற்றும் திசையில். தலை உருண்டுவிட்டால் கிரைண்டரால் வெட்டலாம், ஆனால் உள்ளே ஃபோமும் டீசல் டேங்கும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பெரும்பாலான செட்டுகளில் டேங்க் அடிச்சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய் ஊறிய ஃபோம் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் திரி. வெட்டுவதானால் ஃபோமை அந்த இடத்தில் உரித்து, ஈரச்சாக்கு போர்த்தி, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்து. முடிந்தால் கிரைண்டரை விட்டு, தலையில் துளை போட்டு எடுங்கள்.

போல்ட்டோடு சேர்ந்து ரிவெட் நட்டும் சுழன்றால் அது தகட்டில் பிடியை விட்டுவிட்டது என்று பொருள். அதன் விளிம்பை வைஸ் கிரிப்பால் பிடித்துக் கழற்றி, புதிது போடுங்கள். அதே துளையில், தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும் பெரிய திருகைப் போடும் வழக்கம் இருக்கிறது. ஆறு மாத அதிர்வில் அது துளையைப் பெரிதாக்கிவிட்டுக் கழன்று விழும்.

உள் ஃபோமை எப்போது மாற்ற வேண்டும்? எப்படி ஒட்டுவது?

விரலால் அழுத்தினால் திரும்ப எழாமல் குழி நின்றாலோ, பொடி உதிர்ந்தாலோ, எண்ணெய் ஊறியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் ஊறியதைக் கழுவிக் காயவைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அது தீ ஆபத்து. தொங்கிக்கொண்டிருப்பதையும் விடக்கூடாது, ஒரு துண்டு பிய்ந்து ரேடியேட்டரில் ஒட்டிக்கொண்டால் அந்த அளவுக்குக் காற்று அடைபடும். கரும்புகை அதிகம் விடும் செட்டுகளில் ஃபோமின் மேல்தோல் கரியால் அடைந்து, பார்க்க நன்றாக இருந்தாலும் சத்தத்தை உறிஞ்சாது. டர்போ இல்லாத எஞ்சினை மலை உயரத்தில் முழு லோடில் ஓட்டினால் இந்தக் கரும்புகை நிச்சயம்.

கண்ணாடிக் கம்பளியோ ராக்ஊலோ இருந்தால் முழுக்கைச் சட்டை, முகமூடி, கண்ணாடி போடுங்கள். அரித்தால் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

ஒட்டுவதில் மலைக்கு ஒரு விசேஷம் உண்டு. கோயம்புத்தூரில் ரப்பர் சொல்யூஷனைத் தடவிப் பத்து நிமிஷத்தில் ஒட்டலாம். ஊட்டிக் குளிரில் இருபது நிமிஷம் கூட ஆகும். விரலில் ஒட்டாத பதம் வர வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால் உள்ளே அகப்பட்ட ஆவி எஞ்சின் சூட்டில் பொங்கி ஃபோமைத் தள்ளும். காலைக் குளிரில் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும், அதன் மேல் தடவிய பசை வாரத்தில் உரியும். தகட்டை வெயிலில் கிடத்தி, கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிந்த பிறகு, தின்னர் துணியால் துடைத்து, இரண்டு பரப்பிலும் தடவி ஒட்டுங்கள். சூடேற்ற அடுப்போ தீயோ வேண்டாம், சொல்யூஷன் ஆவி பற்றும். கூரையில் பசையை மட்டும் நம்பாமல், ஃபோமைக் குத்திப் பிடிக்கும் ஊசியும் வாஷரும் ஓர் அடிக்கு ஒன்று போடுங்கள்.

திரும்ப மாட்டும்போது எங்கிருந்து ஆரம்பிப்பது?

ரேடியேட்டர் முனையிலிருந்து. பக்கச் சுவர் ஏறிவிட்டால் அந்த முனையின் பட்டையை ஒட்டக் கை நுழையாது. நுழையாததால் விட்டுவிடுவார்கள், அப்புறம் முதல் கேள்விக்கே திரும்பி வர வேண்டியிருக்கும். பட்டை நசுங்கி உட்கார வேண்டும். 25 மி.மீ. பட்டை மாட்டிய பிறகு 15 ஆனால் சரி.

அதற்கு முன் அடிச்சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, சட்டத்தில் வைத்த மட்டப்பலகை சாய்ந்தாலோ கதவு சரியாக மூடாது. சரிவில் மண் போட்டு நிரப்பிக் கட்டிய மேடையில் இது சகஜம், ஒரு மழைக்காலம் போனால் ஒரு மூலை இறங்கும். கீலை வளைத்துக் கதவைச் சரிசெய்யாமல் இறங்கிய மூலையில் தகட்டுத்துண்டு கொடுத்து மட்டம் பண்ணுங்கள்.

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மூன்று நான்கு சுற்று மட்டும். சுவர், கூரை எல்லாம் உட்கார்ந்த பிறகு குறுக்கு வரிசையில் இறுக்கம். ரிவெட் நட்டில் எம்8 என்றால் 12 முதல் 15 நியூட்டன் மீட்டர் போதும். வெல்டு செய்த நட்டில் 8.8 தர எம்8 போல்ட்டுக்கு 25 வரை போகலாம். துப்பாக்கி மாதிரி இருக்கும் இம்பாக்ட் கருவியை இங்கே எடுக்காதீர்கள். தகடு உரசிப் பெயின்ட் போன இடத்தில் அன்றைக்கே ஜிங்க் பிரைமர். மூடுபனியில் துருவேற ஒரு வாரம் போதும்.

எஞ்சினோடு சேர்ந்து ஆடும் எதுவும் கேனோபியைத் தொடக்கூடாது. எஞ்சின் ரப்பர் மவுன்ட்டில் நிற்கிறது; ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும்தான் அதிகம் ஆடும். சுற்றிலும் 25 மி.மீ. இடைவெளி இருக்கிறதா, குறிப்பாகச் சைலன்சர் குழாய், ஏர் ஃபில்டர், டீசல் ஹோஸ் பக்கம் பாருங்கள். தகட்டு விளிம்பில் உரசும் டீசல் ஹோஸ் மெதுவாக அறுபடும்; அறுபட்ட அன்று அது சூடான எஞ்சின் மேல் சொட்டும்.

புகைக்குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தை சிலிக்கான் போட்டு அடைக்கலாமா?

சாதாரண சிலிக்கான் 200 டிகிரி வரைதான் தாங்கும். முழு லோடில் புகைக்குழாய் 400-ஐத் தாண்டும். குழாய்க்கும் கூரைக்கும் நடுவே விரல் இடைவெளி விட்டு, வெப்பம் தாங்கும் கயிற்றைச் சுற்றி, மேலே மழைத்தொப்பி மாதிரி ஒரு தகட்டு வளையத்தைக் குழாயில் பற்றவையுங்கள். கூரை அசைய வேண்டும், குழாய் அசைய வேண்டும், மழை இறங்கக்கூடாது. இந்த மூன்றும் அந்த வளையத்தில் அடங்கும்.

மாட்டிய பிறகு சூடாகிறது. ஆனால் கதவைத் திறந்தால் பரவாயில்லை.

அப்படியென்றால் உள்ளே வரும் காற்று போதவில்லை. லூவரில் கற்பூர மர இலையும் பட்டையும் அடைத்திருக்கலாம், எலி வராமல் இருக்க யாரோ கொசுவலை அடித்திருக்கலாம், புது ஃபோம் பழையதைவிடத் தடிமனாகிக் காற்று வழியைக் குறுக்கியிருக்கலாம். கதவைத் திறந்தும் சூடு குறையவில்லை என்றால் சந்தேகம் ரேடியேட்டர் மேல் போகலாம். எஞ்சின் பிரீதரிலிருந்து (உள் ஆவியை வெளியே விடும் குழாய்) வரும் எண்ணெய்ப்பசையில் தூசு ஒட்டிக் கம்பளம் போல் அடைந்திருக்கும்.

சுற்றி வரும் சூடான காற்றைப் பிடிக்கச் சுலபமான வழி: லூவர் வாயில் ஒரு தெர்மாமீட்டர், பத்தடி தள்ளி நிழலில் ஒன்று. அரைமணி லோடில் ஓடிய பிறகு இரண்டுக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெளியே போன காற்று திரும்பி வருகிறது. உள்ளே பட்டை சரியாக இருந்தும் இப்படிக் காட்டினால், காற்று வெளியேறும் முனைக்கு எதிரே மண்சுவரோ தடுப்புச்சுவரோ நெருங்கி நிற்கும்.

மலை குளிர்ச்சியாயிற்றே, சூடு எப்படி என்று நினைக்கலாம். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ளினாலும் அது சுமக்கும் வெப்பம் குறைவு. குளிர் அந்த இழப்பை ஈடுகட்டும், சித்திரை மதியத்தில் ஈடுகட்டாது. அதைவிட மோசம் தேய்ந்த ரேடியேட்டர் மூடி. அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் 93-இலேயே கொதித்து வழிந்துவிடும். அதிகச் சூட்டில் எஞ்சினை நிறுத்த வேண்டிய சென்சார் அதைவிட மேலான அளவுக்கு அமைத்திருப்பதால் பேசாமல் இருக்கும். கேனோபி திறந்திருக்கும்போதே மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள், சந்தேகம் இருந்தால் புதிது போடுங்கள். தலைக்குந்தா மாதிரி உறைபனி விழும் இடங்களில் கூலண்டில் மூன்றில் ஒரு பங்காவது கிளைகால் (உறையாமல் காக்கும் திரவம்) இருக்க வேண்டும்.

கதவைத் திறந்தே வைத்து ஓட்டினால் என்ன?

அவசரத்துக்கு ஐந்து நிமிஷம் சரி. அதையே வழக்கமாக்கினால் காற்று கிட்டத்துக் கதவு வழியாக நேரே ரேடியேட்டருக்குப் போய்விடும். ஆல்டர்னேட்டர் பக்கம் போகும் காற்று குறைந்துவிடும்.

முன்பைவிடச் சத்தம் அதிகமாக இருக்கிறது. எங்கே தேடுவது?

வெளிச்சத்தில். இருட்டிய பிறகு, செட்டை நிறுத்தி, உள்ளே ஒரு பிரகாசமான விளக்கைப் போட்டுக் கதவுகளை மூடுங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தம் கசியும் இடம். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் போதும், மீதிச் சுவர் எவ்வளவு கனமானாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு மேல் ஏறாது. கதவு பீடிங்கைப் பார்க்க ஒரு காகிதத்துண்டை வைத்து மூடி இழுங்கள். இழுவை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் பூட்டின் நாக்கை ஒரு வாஷர் அளவு உள்ளே தள்ளுங்கள். கேபிள் நுழையும் துளைகளைப் பலரும் மறப்பார்கள்.

2005 ஜனவரி 1 முதல் தயாரான, 1000 கேவிஏ வரையுள்ள டீசல் செட்டுகளுக்குக் கேனோபியிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபல் என்பது வரம்பு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 75-ஐ 45 ஆக்க 32 மீட்டர் வேண்டும். உறைபனி இரவில் பள்ளத்தில் குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றும் நிற்கும்போது ஒலி கீழ்நோக்கி வளையும், எதிர்ச்சரிவு வீட்டுக்கு அது பக்கத்துவீட்டுச் சத்தமாகக் கேட்கும். அதற்குக் கேனோபி மட்டும் பொறுப்பல்ல.

தகட்டுக்குத் தகடு எர்த் எதற்கு? எல்லாம் இரும்புதானே?

இரும்புதான், ஆனால் மேலே பவுடர் கோட்டிங். அது மின்சாரத்தைக் கடத்தாது. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே பின்னல் செம்புப் பட்டை இருந்ததென்றால் அதைத் திரும்ப மாட்ட வேண்டும், பல் வாஷர் பெயின்ட்டைக் கீறி உலோகத்தைத் தொடும்படி. பாடிக்கு இரண்டு தனி எர்த், நியூட்ரலுக்கு இரண்டு.

எலி, அணில்?

வரும். குளிர்காலத்தில் சூடான எஞ்சினைவிட நல்ல வீடு எலிக்குக் கிடையாது; ஃபோம் அதற்குப் படுக்கை, ஒயர் அதற்குப் பல்குச்சி. கால் அங்குல வெல்டு மெஷ்ஷை லூவருக்கு உள்பக்கம் அடியுங்கள், கொசுவலை வேண்டாம். கேபிள் துளைகளுக்குக் கிளாண்டு, அதாவது கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் மூடி. வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஓட்டும் செட்டில் கூடு கட்டுவது குறைவு. நெடுநாள் மூடிக்கிடந்த கேனோபியைத் திறக்கும்போது முகத்தை நேரே நீட்டாதீர்கள், குளவிக்கூடு இருக்கலாம்.

வேலை முடிய நான்கு நாள் ஆயிற்று, இடையில் மூடுபனி. உடனே லோடு கொடுக்கலாமா?

ஆல்டர்னேட்டரை மெகர் பண்ணிப் பாருங்கள், அதாவது சுருளின் மின்காப்பு சரியாக இருக்கிறதா என்று மெகர் மீட்டரால் அளங்கள். ஏ.வி.ஆர். (வோல்ட்டேஜைச் சீராக்கும் கருவி) ஒயர்களையும் டயோடுகளையும் பிரித்த பிறகு 500 வோல்ட்டில். பிரிக்காமல் பண்ணினால் ஏ.வி.ஆர். போய்விடும். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் 100 வாட் குண்டு பல்பு இரண்டைச் சுருளுக்குப் பக்கத்தில் ஓர் இரவு எரியவிட்டுக் காயவைத்து மறுபடி அளக்கவும்.

முதல் ஓட்டம் எப்படி?

லோடு இல்லாமல் பத்து நிமிஷம், கதவு திறந்து, கசிவு பார்க்க. ஃபிளாஞ்ச் அருகே ஊதுபத்திப் புகையைக் காட்டினால் புகை கசியும் இடத்தில் அது சிதறும். ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், அதன் கார்டு மாட்டியாகிவிட்டதா என்று முன்பே பாருங்கள். பிறகு எல்லாக் கதவையும் மூடி, முக்கால் லோடில் ஒரு மணி நேரம். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூலண்ட் சூட்டைக் குறித்து வையுங்கள். ஏறி ஒரு இடத்தில் நிற்க வேண்டும். கடைசி அரைமணியிலும் ஏறிக்கொண்டே போனால் காற்று வழியில் கோளாறு. ஓடும்போதே எமர்ஜென்சி ஸ்டாப்பை ஒருமுறை அழுத்துங்கள். ஒயரை மாட்ட மறந்திருந்தால் சில செட்டுகள் ஸ்டார்ட்டே ஆகாது, சில செட்டுகள் நிற்காது. ஸ்டார்ட் ஆகாத செட்டில் அந்த இரண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்துவிடும் தந்திரத்தைச் செய்யாதீர்கள். ஆறிய பிறகு கூரை போல்ட்டுகளுக்கு இன்னொரு தரம் இறுக்கம்.

குளிருக்காகச் செட் இருக்கும் அறைக் கதவையும் மூடிவைக்கிறோம். கேனோபிதான் இருக்கிறதே?

கேனோபி சத்தத்தை அடைக்கும், கார்பன் மோனாக்சைடை அடைக்காது. அதற்கு நிறமும் வாசனையும் இல்லை. புகைக்குழாய் கூரைக்கு மேலே, விருந்தினர் அறைச் சன்னலுக்கு எதிர்த்திசையில் முடிய வேண்டும். செட் இருக்கும் அறைக்கு அடுத்த அறையில் யாரும் தூங்கக்கூடாது. காற்று உள்ளே வரும் வழியும் போகும் வழியும் செட் ஓடும் நேரமெல்லாம் திறந்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது. நான்கு போல்ட்டு மிச்சம். பரவாயில்லையா?

நீங்கள் கூடுதலாக வாங்கியவை என்றால் டப்பாவில் போடுங்கள். கழற்றிய பழைய போல்ட்டுகள் என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்: ரேடியேட்டர் முனையின் அடிவரிசை, சைலன்சரைத் தாங்கும் கிளாம்ப், ஃபேன் கார்டு. கை எட்டாத இடங்கள் இவை மூன்றும்.